டோனி லாமும் போல்சா அவென்யூவும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் தேர்தலில் வென்று பதவிக்கு வந்த முதல் வியட்நாமியரான டோனி லாம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அகதி முகாமிலிருந்து நகரமன்றம் வரை அவர் வந்த வழியை விரிவாகச் சொன்ன நீங்கள், 1999-இல் அவருடைய மக்களே அவரது உணவகத்தின் வாசலில் திரண்டு அவரைத் துரோகி என்றதை இரண்டு வரிகளில் முடித்துவிட்டீர்கள். தன் மக்கள் தெருவில் நிற்கும்போது கூட வந்து நிற்காத ஒருவரைச் சமூகத் தலைவர் என்று எப்படி ஏற்பது?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

அந்தத் தெருவில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். 1999 ஜனவரியில், கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரில், வியட்நாமியர் செறிந்து வாழும் லிட்டில் சைகோன் எனப்படும் பகுதியின் முதுகெலும்பான போல்சா அவென்யூவில், வீடியோ கடை வைத்திருந்த ஒரு வியட்நாமியர் தன் கடைக்குள் ஹோ சி மின்னின் படத்தையும் கம்யூனிஸ்ட் வியட்நாமின் கொடியையும் மாட்டினார். அடுத்த 53 நாட்கள் அந்தக் கடையின் முன் கூட்டம் கலையவில்லை. ஒரு கட்டத்தில் 15,000 பேர் வரை திரண்டார்கள். மூன்று சிவப்புக் கோடுகள் கொண்ட பழைய தென்வியட்நாமின் மஞ்சள் கொடியை ஏந்தி, அதன் ராணுவச் சீருடையில் வந்து நின்ற முதியவர்களை நான் குறைத்து மதிப்பிடவே மாட்டேன். தென்வியட்நாம் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்த 1975-க்குப் பிறகு மறுகல்வி முகாம் என்ற பெயரில் நடத்தப்பட்ட சிறைகளில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து, 1989-இல் அமெரிக்க, வியட்நாம் அரசுகள் செய்துகொண்ட உடன்பாட்டின் பிறகே குடும்பத்தோடு அமெரிக்கா வந்து சேர்ந்தவர்களும் அங்கே இருந்தார்கள். தங்களைச் சிறையிலிட்ட ஆட்சியின் கொடியை, அடைக்கலம் தேடி வந்த ஊரிலும் கண்டவர்களின் கொதிப்பு அது.

லாமுக்கும் அந்தக் கொதிப்பு புரியாததல்ல. ஹைபோங்கில் பிறந்த அவர், 1954-இல் நாடு பிளவுபட்டபோது வடக்கிலிருந்து தெற்கே வந்தவர். 1975-இல் தென்வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தபோது மனைவி மக்களோடு மறுபடியும் எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பியவர். அதாவது, ஒரே கட்சியின் ஆட்சிக்குத் தப்பி இருமுறை அகதியானவர். குவாம் தீவு முகாமில் அகதிகளுக்கான ஏற்பாடுகளைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றதிலிருந்து அவருடைய பொதுவாழ்க்கை தொடங்குகிறது. கலிபோர்னியாவில் உணவகம் நடத்திக்கொண்டே, வியட்நாமிய வணிகர் சங்கத்திலும் சந்திரப் புத்தாண்டு விழாக் குழுவிலும் உழைத்துத்தான் அவர் ஊரறிந்த மனிதரானார்.

அந்த ஊருக்கு நகரமன்றத்தில் ஒரு வியட்நாமியர் ஏன் தேவைப்பட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். 1989-இல் தென்வியட்நாமின் முன்னாள் படைவீரர்கள் அணிவகுப்பு நடத்த அனுமதி கேட்டபோது, ஃபிராங்க் ஃபிரை என்ற மன்ற உறுப்பினர், தென்வியட்நாமியராகவே இருக்க விரும்பினால் அங்கேயே திரும்பிப் போங்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். தென்வியட்நாம் என்றொரு நாடே இல்லாமல் போய் 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. போல்சா அவென்யூவின் கடைகள் நகரத்துக்கு வரி கட்டின. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டு எழுந்து பேச, மன்றத்தின் மேடையில் அவர்களுடைய ஆள் ஒருவரும் இல்லை. 1992-இல் லாம் வென்றதன் பொருள் இதுதான். அப்போது குடியுரிமை பெற்று வாக்காளராகப் பதிந்திருந்த வியட்நாமியர் குறைவு. அவர்களுடைய ஓட்டை மட்டும் நம்பி வென்றிருக்க முடியாது. நகரத்தின் மற்ற மக்களிடமும் வாக்குக் கேட்டே அவர் வந்தார், அதனால் அவர்களுக்கும் கடமைப்பட்டார்.

வீடியோ கடை விவகாரத்தில் இந்த இரண்டு கடமைகளும் மோதின. படம் மாட்டுவது அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் காக்கும் கருத்துரிமை. படத்தை அகற்றும்படி முதலில் இடைக்கால உத்தரவிட்ட நீதிபதியே, பிப்ரவரியில் அந்த உத்தரவை நீக்கினார். மன்ற உறுப்பினர் போராட்டத்தில் கலந்துகொண்டால் நகரமே அந்த உரிமையை நசுக்கியதாக ஆகிவிடும் என்பதால், விலகியிருக்கும்படி நகரத்தின் வழக்கறிஞர் அறிவுறுத்தினார். லாம் விலகியிருந்தார். அதற்காகவே, கூட்டம் அவருடைய உணவகத்தின் முன் வந்து வாரக்கணக்கில் நின்றது; கொடும்பாவியும் கட்டியது. 2002-இல் அவர் மறுபடி போட்டியிடாமல் ஒதுங்கிக்கொண்டார்.

சமூகத் தலைவர் வேறு, மக்கள் பிரதிநிதி வேறு. முன்னவர் தன் மக்களின் துயரத்தை அப்படியே ஏந்தலாம், யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. பின்னவர் கையெழுத்திடும் ஒவ்வொரு தாளும் நகரம் முழுவதையும் கட்டுப்படுத்தும். அமெரிக்க வியட்நாமியரில் இந்த இரண்டையும் ஒரே உடம்பில் சுமந்து பார்த்த முதல் ஆள் லாம்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு முன்னே யாரும் இருந்ததில்லை. அன்று அவர் கொடியோடு தெருவில் நின்றிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். வியட்நாமியருக்கு ஓட்டுப் போட்டால் அவர் வியட்நாமியருக்கு மட்டுமே உறுப்பினராக இருப்பார் என்ற சந்தேகமும் உறுதிப்பட்டிருக்கும்.

அவர் விலகிய மறு ஆண்டு, 2003 பிப்ரவரியில், அதே நகரமன்றம் மஞ்சள் கொடியை வியட்நாமியச் சமூகத்தின் கொடியாக அங்கீகரித்துத் தீர்மானம் போட்டது. ஏப்ரலில் அமெரிக்க வீரரும் தென்வியட்நாம் வீரரும் அருகருகே நிற்கும் நினைவுச் சின்னம் அந்நகரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்கை எடுத்தவர், 1989-இல் அந்தப் பதிலைச் சொன்ன அதே ஃபிராங்க் ஃபிரை. இந்த மாற்றம் முழுவதையும் லாமின் கணக்கில் எழுத மாட்டேன். தெருவில் நின்றவர்களின் பலமும் அதில் உண்டு. அவர்களுடைய எண்ணிக்கையை அதன்பின் எந்த அரசியல்வாதியும் மறக்கவில்லை. 2012-இல் டிரி டா என்ற வியட்நாமியர் அந்நகரின் மேயராகவே வென்றார். ஆனாலும் அந்த அவையில் வியட்நாமியர் ஒருவர் பத்தாண்டுகள் அமர்ந்து சாலை, வரி, போலீஸ் என்று எல்லாருக்குமான வேலையைப் பார்த்துக் காட்டியிராவிட்டால், பின்னால் வந்தவர்களின் வழி இன்னும் கடினமாக இருந்திருக்கும். அதனால்தான் அவரைச் சமூகத் தலைவர் என்று எழுதினேன்.