பாம்பன் பக்கம் மீனவர் வீட்டுப் பையன் யூடியூப் சேனல் தொடங்க என்ன வேண்டும்?

பிளஸ் டூ முடித்துவிட்டீர்கள், அப்பா நாட்டுப்படகு வைத்திருக்கிறார், கடலைக் காட்டி ஒரு சேனல் தொடங்க ஆசை, கேமராவுக்கு எவ்வளவு ஆகும், காசு எப்போது வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேமரா வாங்காதீர்கள் தம்பி. நான் மண்டபத்தில் எங்கள் கருவாட்டு வியாபாரத்தை வைத்துச் சின்னதாக ஒரு சேனல் நடத்துகிறேன், இன்றைக்கும் போனில்தான் எடுக்கிறேன்.

நம்ம கரையில் பிரச்சினை படம் இல்லை, சத்தம். கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் தென்கடல் ஓரம் நின்று பேசிப் பாருங்கள், இரைச்சலைத் தவிர போனில் ஒன்றும் விழாது. வாடைக்காற்று மாதங்களில் வடகடல் பக்கம் இதே கதை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் பத்து நொடியில் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் சட்டையில் மாட்டுகிற மைக், அதன் தலைக்கு ஒரு பஞ்சு உறை, அவ்வளவுதான். அதைவிட நல்ல வழி, கடலில் வைத்துப் பேசவே வேண்டாம். வலை இழுப்பதை, மீன் கழற்றுவதை, இன்ஜின் சத்தத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ராத்திரி வீட்டில் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசிப் பதிவு செய்து சேர்த்துவிடுங்கள். முடிந்தால் நீங்கள் பேசாமல் அப்பாவைப் பேச விடுங்கள். இந்த வலைக்கு ஏன் இவ்வளவு சின்னக் கண், நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் பாய்கிறது என்று எப்படித் தெரியும், இன்றைக்கு ஏன் சீக்கிரம் கரைக்குத் திரும்பினோம் என்று நீங்கள் கேளுங்கள், அவர் சொல்லட்டும். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான், மதுரையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது புதுசு.

கணக்குத் தொடங்குவது பெரிய வேலை இல்லை. ஜிமெயில் இருந்தால் அதிலேயே சேனல் திறக்கலாம். போன் நம்பரை மட்டும் உடனே சரிபார்த்துவிடுங்கள், அதைச் செய்யாதவரை 15 நிமிடத்துக்கு மேல் வீடியோ ஏற்ற முடியாது, நாம் விரும்புகிற முகப்புப் படமும் வைக்க முடியாது. ஏற்றும்போது குழந்தைகளுக்காக எடுத்த வீடியோவா என்று கேட்கும். ஆமாம் என்று கொடுத்தால் கமென்ட் மூடிவிடும், உங்களுடையது அப்படி இல்லை, ஆகவே இல்லை என்றே கொடுங்கள். முதலில் அன்லிஸ்டட் (லிங்க் கையில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி) என்று வைத்து, லிங்கை மாமா மச்சானுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லி, சத்தம் சரியாக இருக்கிறது என்றால் பப்ளிக் ஆக்குங்கள். முதல் வீடியோ பிரமாதமாக இருக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 2005 ஏப்ரலில் யூடியூபில் ஏறிய முதல் வீடியோவே 19 நொடிதான், அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, இதற்குத் தும்பிக்கை ரொம்ப நீளம் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் போவார்.

இனி நம்ம ஊருக்கு மட்டுமான விஷயம், இதைக் கவனமாகப் படியுங்கள். கடல் அட்டை, கடல் குதிரை, ஆவுளியா என்கிற கடல்பசு, ஆமை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தில் வருகிறவை. வலையில் தவறிப்போய் ஏறினால் உயிரோடு விட்டுவிடுவதுதான் முறை, கையில் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டு வீடியோ போட்டால் நாமே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கி எடுக்காதீர்கள். டிரோன் ஆசையை இப்போதைக்கு விடுங்கள், உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருக்கிறது, எல்லையும் பக்கம், அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வம்பு. இன்னொன்று, ஜிபிஎஸ் திரை படத்தில் விழக்கூடாது. மீன் நிற்கிற பார், அதாவது கடலடிப் பாறை, எங்கே இருக்கிறது என்று ஊருக்கே காட்டிக்கொடுத்தால் போலீஸ் வராது, சொந்தக்காரர்கள் வருவார்கள். பாசி எடுக்கிற அக்காக்களை, கருவாடு காயப்போடுகிறவர்களை எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.

சினிமாப் பாட்டு போடாதீர்கள், படகில் யாராவது பாட்டு வைத்திருந்தால் அதுகூடப் பிடிபடும். பெரும்பாலும் அந்த வீடியோவின் விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், அதோடு தப்பிக்கலாம். உரிமையாளர் புகார் கொடுத்து வீடியோவையே எடுக்கவைக்கிற காப்புரிமை ஸ்ட்ரைக் என்று வந்தால் அது வேறு, 90 நாளுக்குள் மூன்று வாங்கினால் சேனலே போய்விடும். யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை கிடைக்கிறது, ஆனால் அலைச் சத்தம் இருக்கும்போது அது எதற்கு என்பது என் கட்சி.

சரி, காசு. விளம்பரப் பங்கு கிடைக்க 1000 சப்ஸ்கிரைபர் வேண்டும், அதோடு 12 மாதத்தில் 4000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் 90 நாளில் ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்களுக்கு 1 கோடி பார்வை வேண்டும். ஷார்ட்ஸ் வரிசையில் தள்ளித்தள்ளிப் பார்க்கிற நேரம் அந்த 4000 மணியில் சேராது, இது தெரியாமல் ஷார்ட்ஸ் மட்டும் போட்டுவிட்டு மணிக்கணக்கு ஏறவில்லையே என்று புலம்புகிறவர்கள் நிறைய. நீள வீடியோ விளம்பரத்தில் உங்கள் பங்கு 55 சதவீதம். இதெல்லாம் ஆன பிறகும், கூகுள் விளம்பரப் பணத்தைச் சேர்த்துவைக்கிற ஆட்சென்ஸ் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு அனுப்புவார்கள், ஆகவே இதை நம்பி வேறு வேலையையோ படிப்பையோ விடாதீர்கள். 18 வயது ஆகவில்லை என்றால் ஆட்சென்ஸை அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ போடுங்கள், வரிப் படிவத்துக்குப் பான் கார்டு கேட்கும். 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் நம்பர் தபாலில் வரும், அதைப் போட்டால்தான் பணம் நகரும். கதவு எண் இல்லாத வீடு என்றால் தெரு, கோயில் அல்லது பள்ளிவாசல் அடையாளம், அப்பா பெயர் எல்லாம் சேர்த்து எழுதி, தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.