பழைய தாமான் வீட்டின் சிமெண்ட் தரைக்கு நாமே சாயம் ஏற்றலாமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: பேராக் மாநிலத்துப் பீடோரில் தாத்தா வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, முழுக்கச் சிமெண்ட் தரை. இரண்டு தடவை ஃப்ளோர் பெயிண்ட் அடித்தும் உரிந்துவிட்டது. டைல்ஸ் போடக் காசு பத்தாது. தீபாவளிக்குள் நீங்களே சாயம் ஏற்றி முடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் நிறத்தைத் தேடுவதற்கு முன்னால், அந்தப் பெயிண்ட் ஏன் உரிந்தது என்று கண்டுபிடியுங்கள். நான் சுங்கை சிப்புட்டில் வீடு பழுதுபார்க்கும் வேலை செய்கிறவன். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்களின் வீடுகள்தாம் பெரும்பாலும் என் கைக்கு வருகின்றன. அங்கே நான் முதலில் பார்ப்பது தரைக்கு அடியில் இருக்கும் ஈரத்தை. பழைய தாமான் வீடுகள் பலவற்றில், தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலும்தான், சிமெண்டுக்குக் கீழே பிளாஸ்டிக் தாள் விரிக்காமலே கான்கிரீட் ஊற்றியிருப்பார்கள். மண்ணின் ஈரம் மெல்ல மேலே ஏறும். பெயிண்ட் அதன் வழியை அடைக்கும். ஈரம் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இரண்டு தடவை உரிந்தது என்றால் கடைக்காரர் தந்த பெயிண்டை மட்டும் குறை சொல்ல முடியாது.

பரிசோதனைக்குச் செலவு கிடையாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, அதாவது 45 சென்டிமீட்டர் சதுரத்தில் கெட்டியான பிளாஸ்டிக் தாளை வெட்டி, பெயிண்ட் இல்லாத இடமாகப் பார்த்துத் தரையில் வையுங்கள். நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று பொருள். ஹால், சமையலறை, பின்பக்கக் குளியலறைச் சுவரோரம் என்று தனித்தனியாகச் செய்யுங்கள். ஒரே வீட்டில் ஹால் காய்ந்தும் பின்பக்கம் நனைந்தும் இருப்பது சாதாரணம்.

ஈரம் இருந்தால் சாயம் ஏற்றக் கூடாது என்று சொல்ல வரவில்லை. சாயம் சிமெண்டுக்குள் போய்த் தங்கும், மேலே தோல் போல நிற்காது. அதனால்தான் பெயிண்ட் தோற்ற தரையில் சாயம் நிற்கிறது. ஆனால் சாயத்துக்கு மேல் போடும் சீலரை அப்போது கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

சாயம் இரண்டு வகை. ஒன்று ஆசிட் சாயம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் இரும்பு, மாங்கனீஸ், தாமிரம் போன்றவற்றின் உப்புகள் கலந்திருக்கும். சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்போடு அவை வினைபுரிந்து, சிமெண்டிலேயே நிறமாக மாறிவிடும். உரியவே உரியாது. பழுப்பு, காவி, கறுப்பு கலந்த பழுப்பு, தாமிரத்தில் நீலப்பச்சை என்று நிறங்கள் குறைவு. ஒரே சீராகவும் வராது, மேகம் படர்ந்தது போல அங்கங்கே கூடியும் குறைந்தும் தெரியும். எனக்குப் பிடித்ததே அந்தச் சீரின்மைதான். நீலப்பச்சையை மட்டும் ஈரம் ஏறும் தரைக்கு வாங்க வேண்டாம். தாமிரச் சாயம் ஈரத்தில் நாளடைவில் பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறிவிடும்.

மற்றது தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் சாயம். இதில் இரசாயன வினை கிடையாது. நுண்ணிய நிறத்துகள் சிமெண்டின் துளைகளில் போய் உட்காரும். நிறங்கள் நிறைய, புகை கிடையாது, கழுவி நடுநிலையாக்கும் வேலையும் இல்லை. கைப்பிள்ளை இருக்கும் வீட்டுக்கும், முதல் முறையாகச் செய்கிறவருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். கடையில் கேட்கும்போது மட்டும் கவனம். சாயம் என்று கேட்டால் பல ஹார்ட்வேர் கடைகளில் ஃப்ளோர் பெயிண்டையோ எப்பாக்சியையோ எடுத்து நீட்டுவார்கள். டின்னில் கான்கிரீட் ஸ்டெயின் என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஒரு கேலன் சுமார் 200 முதல் 300 சதுர அடிக்கு வரும். தரை சொரசொரப்பாக இருந்தால் அதைவிடக் குறையும்.

உங்கள் தரையே சிவப்புச் சிமெண்டாக இருந்தால், பழைய குவார்ட்டர்ஸிலும் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீடுகளிலும் வழுவழுவென்று இருக்குமே அது, தயவுசெய்து சாயம் ஏற்றாதீர்கள். மேற்பூச்சுக் கலவையிலேயே இரும்பு ஆக்சைடு கலந்து, கரண்டியால் அழுத்தி இழைத்த தரை அது. நன்றாகத் தேய்த்துக் கழுவி மெழுகு போட்டாலே பழைய களை திரும்பிவிடும். பெயிண்டுக்கு அடியில் அப்படி ஒரு தரை ஒளிந்திருக்கிறதா என்று ஒரு மூலையைச் சுரண்டிப் பாருங்கள்.

இனி வேலைக்கு வருவோம். பெரும்பாடு சாயத்தில் இல்லை, தரையைத் தயார் செய்வதில்தான். பெயிண்டுக்கு மேல் எந்தச் சாயமும் இறங்காது, கடைசித் துளி வரை எடுத்தாக வேண்டும். உரிந்ததைச் சுரண்டிவிட்டு, ஒட்டியிருப்பதைப் பெயிண்ட் ரிமூவரால் எடுங்கள், அல்லது வைரப் பல் கப் மாட்டிய கிரைண்டரால் தேயுங்கள். கிரைண்டர் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் சிமெண்ட் தூசியில் சிலிகா இருக்கிறது, அது நுரையீரலைக் கெடுக்கும். தாத்தா காலத்துப் பெயிண்டில் ஈயமும் இருக்கக்கூடும். துணியைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை இல்லை இது. நல்ல தூசிக் கவசம் போடுங்கள், தூசியை இழுக்கும் மூடி உள்ள கிரைண்டராகக் கேளுங்கள், பிள்ளைகளை அன்று அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

பெயிண்ட் போனதும் தரையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்தால் சாயமும் இறங்கும். முத்து முத்தாக நின்றால் அங்கே எண்ணெயோ மெழுகோ பழைய சீலரோ இருக்கிறது. நம் வீடுகளில் தண்ணீர் அப்படி முத்தாக நிற்கும் இடங்களை நான் பார்க்காமலே சொல்வேன்: சாமி மேடைக்கு முன்னால் விளக்கெண்ணெய் சொட்டிய இடம், அடுப்படி, ராத்திரியில் மோட்டார் சைக்கிளை ஹாலுக்குள் ஏற்றி நிறுத்துகிற இடம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீசர் ஊற்றிக் கடினமான தூரிகையால் தேய்த்து, சுடுநீரில் கழுவி, காயவிட்டு மறுபடி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பல வருடம் இறங்கிய எஞ்சின் எண்ணெய் முழுதாகப் போகாது. அந்த இடம் வேறு நிறமாகத்தான் தெரியும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். கரண்டியால் இழைத்து மிக வழுவழுப்பாகிவிட்ட இடங்களில் 80 அல்லது 120 எண் உப்புத்தாளால் தேய்த்துத் துளைகளைத் திறந்துவிடுங்கள்.

திக்கார் (தரைவிரிப்பு) ஒட்டியிருந்த அறைகளில் பசையின் கோடுகளும், கரையான் மருந்து ஏற்றச் சுவரோரமாகத் துளைத்து அடைத்த வட்டங்களும் சாயத்துக்குப் பிறகு முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். விரிசலை அடைத்த புதுச் சிமெண்டும் அப்படியே. சாயம் எதையும் மறைக்காது. தரையில் என்ன நடந்ததோ அதை நிறத்தோடு காட்டும். எல்லாம் ஒரே நிறமாக, கடையில் வாங்கியது போல வேண்டும் என்றால், காசு சேர்த்து டைல்ஸே போடுங்கள் என்று நேராகச் சொல்லிவிடுவேன். புதிதாகச் சிமெண்ட் பூசிய இடம் இருந்தால் 28 நாள் ஆறவிடுங்கள்.

சாயம் ஏறுவதற்காக முதலில் கடையில் விற்கும் ஆசிட்டை ஊற்றிக் கழுவச் சொல்வார்கள். ஆசிட் சாயம் போடப்போகிறீர்கள் என்றால் அதைச் செய்யாதீர்கள். அந்தச் சாயத்துக்கு வேண்டிய சுண்ணாம்பையே கழுவி எடுத்துவிடுவீர்கள், நிறம் பிடிக்காது.

ஆசிட் விஷயத்தில் நம் ஆட்களுக்குப் பயம் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர் பாலைக் கட்டியாக்க ஃபார்மிக் ஆசிட் கலந்த கைகள் எத்தனையோ வீட்டில் இருக்கின்றன. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று என் அப்பா சொன்னதே இங்கும் சட்டம். ரப்பர் பூட்ஸ், நீளக் கையுறை, கண்ணாடி போடுங்கள், சன்னல் கதவு எல்லாம் திறந்திருக்கட்டும். அருகில் குளோராக்ஸ் போன்ற எந்த வெளுப்பானும் இருக்கக் கூடாது. ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். தெளிப்பதற்கு முழுக்கப் பிளாஸ்டிக்கான கைத்தெளிப்பான் புதிதாக வாங்குங்கள், இரும்புப் பாகம் உள்ளதை ஆசிட் அரித்துவிடும். கொல்லையில் கிடக்கும் மருந்தடிக்கிற பம்பை எடுக்கவே வேண்டாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது, ஆனால் பழைய பம்புக்குள் என்னென்ன மிச்சம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இரும்பு கிரில், கதவுச் சட்டம், சுவரின் அடிப்பாகம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள்.

முதலில் கட்டிலுக்கு அடியிலோ ஸ்டோர் மூலையிலோ ஒரு சிறு இடத்தில் போட்டுப் பாருங்கள், சீலர் வரைக்கும். டின்னில் இருக்கும் படத்தை நம்ப வேண்டாம். உங்கள் சிமெண்ட்டில் வருவதுதான் நிறம். மனதுக்குப் பிடித்தால் மட்டும் ஹாலுக்குப் போங்கள். உள் மூலையில் தொடங்கி வாசலைப் பார்த்துப் பின்னால் வாருங்கள். தெளித்ததும் தூரிகையால் வட்ட வட்டமாகத் தேயுங்கள், குட்டையாகத் தேங்கவிடாதீர்கள், ஓரம் காய்வதற்குள் அடுத்த பகுதியைத் தொடுங்கள். காய்ந்த ஓரத்தில் மறுபடி போட்டால் அந்தக் கோடு என்றைக்கும் இருக்கும். இருவர் செய்தால் நல்லது, ஒருவர் தெளிக்க ஒருவர் தேய்க்க.

ஆசிட் சாயம் என்றால் டின்னில் சொல்லியிருக்கும் நேரம் விட்டு, பேக்கிங் சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். நுரைப்பது நின்று, துடைத்த தண்ணீர் தெளிவாகும் வரை மறுபடி மறுபடி கழுவ வேண்டும். மேலே துருப்பொடி மாதிரி ஒரு மிச்சம் நிற்கும். அதை விட்டுவிட்டுச் சீலர் போட்டால் சீலர் பிடிக்காது. காய்ந்த பிறகு தரை மங்கிப்போய் மனதை உடைக்கும், பயப்படாதீர்கள். நனைந்திருக்கும்போது தெரிகிற நிறம்தான் சீலருக்குப் பிறகு வரும்.

இப்போது சீலர். பிளாஸ்டிக் தாள் பரிசோதனையில் நீர் கோத்திருந்தால், மேலே பளபளவென்று படலம் கட்டும் அக்ரிலிக் சீலரைத் தவிர்த்துவிடுங்கள். கொஞ்ச நாளில் வெள்ளை பூத்து உங்கள் பெயிண்ட் மாதிரியே உரியும். உள்ளே இறங்கும் வகைச் சீலர் வாங்குங்கள். பளபளப்பு வராது, ஆனால் ஈரம் மூச்சுவிட வழி இருக்கும். தரை காய்ந்திருந்தால் தண்ணீரில் கரைந்த அக்ரிலிக் சீலரை மெல்லியதாக இரண்டு கை போட்டு, மேலே ஒரு கை மெழுகு. மழைக் காற்று வீசும்போது போட்டால் சீலர் பால் நிறமாகும், அதனால் வெயில் உள்ள நாளின் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். தின்னர் வாசம் வரும் சீலர் என்றால் அன்று சாமி விளக்கு வேண்டாம், கேஸ் தோம்பை (சிலிண்டரை) வெளியே வையுங்கள். பாட்டி நடக்கும் வழியிலும் குளியலறை வாசலிலும் வழுக்காத பொடி கலந்து போடுங்கள், இதில் அழகு பார்க்காதீர்கள். ஹாலில் மோட்டார் ஏற்றுவதாக இருந்தால் டயர் நிற்கும் இடத்தில் ஒரு பலகை போடுங்கள். ரப்பரில் இருக்கும் எண்ணெய்ப்பசை படலச் சீலரில் கறையாக இறங்கும்.

சீலர் இறுகிய தரையில் கோலப்பொடி, குங்குமம், மஞ்சள் எல்லாம் ஈரத்துணியில் வந்துவிடும், மஞ்சளை மட்டும் ராத்தங்க விடாதீர்கள். சாமி மேடையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் செங்காவி நிறத் தண்ணீர்ச் சாயத்தில், டேப் ஒட்டி ஒரு கரை எடுத்துப் பாருங்கள். செம்மண் கரை போட்ட கோலம் மாதிரி நிரந்தரமாக நிற்கும். நான் வேலை செய்கிற வீடுகளில் பெண்கள் விரும்பிக் கேட்பது அதைத்தான்.

தீபாவளிக்கு முன்னால் முழு வீடு என்று இறங்க வேண்டாம். அக்டோபரில் பேராக்கில் மழை அதிகம், தரை காயவே நாள் பிடிக்கும். படுக்கையறை ஒன்றை இப்போதே செய்யுங்கள், கை பழகட்டும். ஹாலைத் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பாவது முடித்துவிடுங்கள். அலமாரி, சோபா எல்லாம் ஏற்ற, சீலர் டின்னில் சொன்ன நாள் வரை பொறுங்கள், இழுக்காமல் தூக்கி வையுங்கள். சமையலறையைப் பொங்கலுக்குப் பிறகு மழை குறைந்ததும் வைத்துக்கொள்ளலாம். தாள் பரிசோதனை செய்து படம் எடுத்துப் போட்டால், எந்தச் சீலர் என்று பார்த்துச் சொல்கிறேன்.