அஞ்சாவது கம்பி தேவையா?

கேள்வி: அண்ணே, சர்ச் கொயர்ல நாலு கம்பி பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். என் கிட்டார்ல ஆகக் கீழ இருக்கிறது இ கம்பி, கீபோர்டுகாரர் அதுக்கும் அரை ஸ்டெப் கீழ இ ஃபிளாட்ல பாட்டு எடுத்தா எனக்கு கீழ நோட்டே இல்ல. அஞ்சு கம்பிக்கு மாறலாமா, கை குழம்பிடுமா?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: அந்த ஒரு நோட்டுதான் பிரச்சனைன்னா இ கம்பிய அரை ஸ்டெப் இறக்குங்க தம்பி, காசு மிச்சம். ஆனா கொயர்ல பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறும், ஒவ்வொரு தடவையும் திருகிட்டு நிக்க முடியாது, அதனால மாறுறதே நல்லது. கூடுதலா வர்றது பி கம்பி, இ சுமார் 41 ஹெர்ட்ஸ்னா இது 31 கிட்ட, உங்க இ ஃபிளாட் அதுல நாலாவது ஃப்ரெட்டு (கழுத்துல குறுக்க பதிச்சிருக்கிற கம்பிக்கோடு), அஞ்சாவதுல பழைய இ-யே கிடைக்கும். ஆரம்பத்துல இ-னு நெனச்சு பி-ய தட்டுவீங்க, போகப்போக சரியாயிடும்.

நெஜமான தலைவலி, வாசிக்காதப்பவும் பி கம்பி சும்மா உறுமிட்டே இருக்கும். கட்டைவிரல பிக்கப் (கம்பிக்கு அடியில சத்தத்த எடுக்கிற காந்தக்கட்டை) மேலயே ஊனி வைக்காம பி கம்பி மேல சாய்ச்சு வைங்க, டி, ஜி கம்பி வாசிக்கறப்ப அந்தக் கட்டைவிரல் இ-க்கு இறங்கணும், அதோட பக்கம் பி மேல பட்டுட்டே இருக்கணும். இத மெதுவா பழகுங்க, அவசரமே வேணாம்.

கடையில பி-ய எங்கயும் அழுத்தாமலும் அஞ்சாவது ஃப்ரெட்லயும் தட்டிப் பாருங்க, தொளதொளன்னு கேட்டா வாங்காதீங்க. பொதுவா ஸ்கேல், அதாவது கம்பி அதிருற நீளம், 34 இஞ்ச், 35 இருந்தா பி இன்னும் இறுக்கமா நிக்கும். வீட்டுல இருக்கிற குட்டி ஆம்ப்ல பி-யோட கனமான கீழ்ச்சத்தம் சரியா வராது, கிட்டார குத்தம் சொல்லாதீங்க. நம்ம ஊர் உப்புக்காத்துக்கு கம்பி சீக்கிரம் துரு ஏறும், செட்டுல விலை கூடினதே பி தான், வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால துடைச்சு பையில போட்டு மூடுங்க.