போருக்கு முந்தைய இரவு: நெப்போலியன் கால கேம்பெய்னில் படை நிறுத்துவது பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, டேபிளில் மினியேச்சர் படைகளை வைத்துப் போர் ஆட்டம் ஆடுகிறோம். எங்கள் கேம்பெய்ன் (பல போர்களைத் தொடராக ஆடுவது) மேப்பில் இரண்டு படைகள் சந்தித்துவிட்டன. டேபிளில் முழுப் படையையும் அடுக்கிவிட்டு ஆட்டத்தை ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. தனிப் போர் ஆட்டத்துக்கு அது சரி. கேம்பெய்னில் ஒரு கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும் படைப்பிரிவு) எந்தச் சாலையில், எத்தனை மணிக்கு வந்து சேர்ந்ததோ அதை வைத்துத்தான் அது நிற்கும் இடம். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனுக்குத் துணையாகப் பிரஷ்யர்கள் கிளம்பியதைப் பாருங்கள். இரண்டு நாள் முன்பு லிக்னியில் நெப்போலியனிடம் தோற்றபோது அடிபடாதது பிரஷ்யத் தளபதி பியூலோவின் 4ஆம் கோர் என்பதால் அதை முதலில் அனுப்பினார்கள். ஆனால் வாட்டர்லூவுக்கு மிகத் தொலைவில் இருந்ததும் அதுதான். வாவ்ர் ஊரின் குறுகிய தெருக்களை அது கடக்க வேண்டியிருந்தது. நடுவில் ஊருக்குள் தீயும் பிடித்துக்கொண்டது. விடியலில் புறப்பட்ட கோர் சண்டையில் இறங்கும்போது மாலை நாலரை மணி.

அதனால் ஒவ்வொரு கோருக்கும் சாலை, புறப்படும் நேரம், முன்னால் யார், பின்னால் யார் என்று முந்தைய இரவே எழுதி நடுவரிடம் கொடுத்துவிடுங்கள். வரிசையின் தலை வந்ததும் கோரே வந்துவிட்டதாகக் கணக்கு வைக்காதீர்கள். பின்வாங்கும் சாலையையும் அதே தாளில் குறியுங்கள்.

கேள்வி: குன்று கிடைத்தால் காலாட்படையை உச்சியில் நிறுத்தலாமா?

பதில்: உச்சிக்குப் பின்னால் நிறுத்துங்கள். பீரங்கியும் ஸ்கிர்மிஷர்களும் (முன்னால் சிதறி நின்று சுடுபவர்கள்) மட்டும் முன்னால் இருக்கட்டும். லிக்னியில் பிரஷ்யத் தலைமைத் தளபதி ப்ளூஷரின் படைகள் எதிரி பார்க்கும் சரிவில் நின்று குண்டடி பட்டன. வாட்டர்லூவில் வெலிங்டன் பெரும்பாலான படையைப் பின்சரிவில் மறைத்து, ஊகோமோன், லா ஹே சாந்த் பண்ணைகளை முன்னரணாக வைத்தார்.

கேள்வி: பிரெஞ்சுக் காவல்படையின் கோட்டுக்கு எந்த நீலம் அடிக்கலாம்?

பதில்: மினியேச்சருக்கு வண்ணம் தீட்டுபவர்களைக் கேளுங்கள். எனக்கு அதில் பழக்கமில்லை.

கேள்வி: ஆற்றை முதுகுப் பக்கம் வைத்தால் பின்னாலிருந்து யாரும் தாக்க முடியாதே?

பதில்: உங்களாலும் போக முடியாது! 1807 ஜூன் 14, ஃப்ரீட்லாண்ட். ரஷ்யத் தளபதி பென்னிக்சன் அல்லே ஆற்றை முதுகில் வைத்து நின்றார். போதாததற்கு ஓர் ஓடை அவர் படையை இரண்டாகப் பிரித்தது. பிரெஞ்சு மார்ஷல் நே தாக்க, பிரெஞ்சுப் பீரங்கித் தளபதி செனார்மோன் தன் பீரங்கிகளை மிக அருகில் கொண்டுவந்து சுட, பாலங்கள் எரிய, பலர் ஆற்றில் மூழ்கினார்கள். பின்வாங்கும் சாலையைக் குறிக்காமல் படையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எல்லாப் படையையும் முதலிலேயே டேபிளில் வைத்தால் என்ன?

பதில்: முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சாலை, சாலை என்கிறீர்கள். அந்தச் சாலைக்காகத்தானே வாட்டர்லூ போரின்போது வெலிங்டன் ஹால் என்ற ஊரில் 17,000 பேரைச் சும்மா நிறுத்திவைத்தார்? பெரிய தவறு இல்லையா?

பதில்: நான் அப்படி நினைக்கவில்லை. ஹால் வாட்டர்லூ களத்துக்கு மேற்கே பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால், மோன்ஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போகும் சாலையில் இருக்கிறது. நெப்போலியன் அந்த வழியாகச் சுற்றியிருந்தால் பிரஸ்ஸல்ஸும் போயிருக்கும், கடலோடு இருந்த தொடர்பும் அறுந்திருக்கும். முந்தைய இரவு வெலிங்டன் கையில் இருந்த தகவலை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

கேள்வி: மறுபடி நான்தான். சரி, காலையில் பிரெஞ்சுப் படை கண்ணெதிரே அணிவகுத்த பிறகாவது கூப்பிட்டிருக்கலாமே?

பதில்: அதை ஒத்துக்கொள்கிறேன். அனுப்பியது சரி, திரும்ப அழைக்காதது தவறு. ஆனால் நேரத்தையும் எண்ணுங்கள். நண்பகலில் குதிரைவீரன் கிளம்பினால் ஆணை போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல். முதல் நாள் மழையில் சேறான வழியில் காலாட்படை வர இன்னும் நாலைந்து மணி நேரம். பியூலோ வந்ததற்கும் பிறகுதான் வந்திருப்பார்கள். உங்கள் கேம்பெய்னில் இதை ஆடிப் பாருங்கள். எதிரி எங்கே என்பதை நடுவர் மறைத்து வைத்தால் நீங்களும் ஹாலுக்கு ஆள் அனுப்புவீர்கள்.

கேள்வி: ரிசர்வையும் முதலிலேயே டேபிளில் வைத்துவிடலாமா?

பதில்: மூன்றாவது முறை இதே கேள்வி. சாலையில் வந்து சேரட்டும், வைக்கலாம்.

கேள்வி: எங்கள் பக்கம் நான்கு பேர் ஆடுகிறோம். ஒருவர் நிறுத்திய படையை இன்னொருவர் நகர்த்திவிடுகிறார்.

பதில்: 1812இல் பொரோடினோவிலும் இது நடந்தது. தளபதி தூச்கோவின் கோரை ரஷ்யத் தலைமைத் தளபதி குதூசோவ் ஊத்தித்ஸா கிராமத்தின் அருகே மறைத்து வைத்திருந்தார். நோக்கம் தெரியாத பென்னிக்சன் அதை வெளியே நகர்த்திவிட்டார். ஆணையில் "இங்கே நில்" என்பதோடு நிறுத்தாமல், எதற்காக என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பின்வாங்கும் சாலையையும்.