தொதல் துடுப்பால் ஹரீஸ் அடித்த கதை

அன்புத் தங்கைக்கு,

ஷார்ஜாவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, எதிர்வீட்டு அரபுப் பெண்மணி அடிக்கடி தட்டு அனுப்புகிறார், அந்தச் சமையலைப் பழகலாமா, பழகினால் ஊர் ருசி மறந்துவிடும் என்று பெரியபட்டினத்தில் மாமி கவலைப்படுகிறார் என்று எழுதியிருந்தாய். பத்தொன்பது வருடம் துபாயில் அடுப்படியில் நின்றவள் சொல்கிறேன், தாராளமாகப் பழகு. ஆனால் முதல் தடவை அவர்கள் செய்கிறபடியே செய். நம் மசாலாவை உள்ளே விடாதே.

வந்த புதிதில் நான் ஹரீஸ் செய்தேன். உமி நீக்கிய கோதுமை, எலும்போடு ஆட்டிறைச்சி, உப்பு, மேலே நெய். இவ்வளவுதானா என்று இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் எல்லாம் வதக்கிச் சேர்த்தேன். கீழ்வீட்டு மூதாட்டி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நன்றாக இருக்கிறது மகளே, கோதுமை எங்கே?" என்று கேட்டார். மறுவாரம் அவர் அருகில் நின்று பார்த்தேன். இரவெல்லாம் ஊறிய கோதுமை இறைச்சியோடு சிறுதீயில் நாலைந்து மணி நேரம் குழைந்தது. எலும்பை எடுத்துவிட்டு, இறைச்சியும் கோதுமையும் ஒன்றாகி நூலாக இழுபடும்வரை மரத்துடுப்பால் அடித்தார். ருசி அந்த அடியில்தான் இருக்கிறது. வேகவைக்கக் குக்கர் போதும். மிக்சியில் மட்டும் போடாதே, பசையாகிவிடும். அமீரகம், ஓமன், சவூதி அரேபியா ஆகிய நாடுகளின் மரபாக 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய சமையல் இது. நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்த உனக்கு அந்தக் குழைவு அந்நியமாகவே தோன்றாது.

மச்பூஸ் என்னும் அரபு இறைச்சிச் சோற்றுக்கு லூமி வேண்டும். உப்புநீரில் கொதிக்கவைத்து வெயிலில் காயவைத்த எலுமிச்சை அது. கையில் எடுத்தால் சருகாக லேசாக இருக்கும். உடைத்தால் உள்ளே கறுப்பாக, புளிப்பும் புகையும் கலந்த மணம். விதையை எடுத்துவிடு, கசக்கும். இறைச்சி வெந்த சாற்றில் அதைப் போட்டு, அதே சாற்றில் அரிசியை வேகவிடு. புதினாவைத் தேடாதே, இது பிரியாணி அல்ல.

மீனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஹம்மூர் என்று விற்பது நம் களவா இனம்தான், புளிக்குழம்புக்கும் பொருந்தும்.

மாமியின் கவலைக்கு வருகிறேன். கீழக்கரைத் தொதலை ஊர்ப் பண்டம் என்று பெருமையாகப் பெட்டியில் கட்டி அனுப்புகிறோம். அது மலாய் நாட்டிலும் இந்தோனேசியாவிலும் 'டோடோல்', இலங்கையில் 'தொதல்'. அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் எண்ணெய் பிரியும்வரை கிளறும் அந்த முறை, கடலோடிகள் வழியாக நம் கரையில் இறங்கியதுதான். நம் பனங்கருப்பட்டி சேர்ந்த பிறகு நம்முடையதாகிவிட்டது. பெரியபட்டினத்து மண்ணில் பழைய சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றனவே. தட்டே கடல் தாண்டி வந்த ஊரம்மா அது. மாமியிடம் இதைச் சொல், நிச்சயம் கேட்டுக்கொள்வார்.

இப்போது விடுமுறையில் கீழக்கரையில் இருக்கிறேன். நேற்று உம்மாவின் விறகடுப்பில் ஹரீஸ் வைத்தேன். அடிக்கத் துடுப்பு இல்லை என்றதும், பரணிலிருந்து தொதல் கிண்டும் துடுப்பை இறக்கிக் கொடுத்தார். கைப்பிடி தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறது. பாதி அடித்ததும் எனக்குத் தோள் வலித்தது. எழுபத்திரண்டு வயது உம்மா வாங்கி மீதியை அடித்து முடித்தார். சாப்பிட்டுவிட்டு, "அடுத்த நோன்புக்கும் செய்" என்றார்.

எதிர்வீட்டுத் தட்டை மட்டும் வெறுமையாகத் திருப்பாதே. வட்டலப்பம் செய்து அனுப்பு. முட்டை, கெட்டித் தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலக்காய். ஆவியில் வைத்தால் போதும். தீயை அடக்கியே வை, கொதித்தால் முட்டை திரிந்து ஓட்டை விழும். கருப்பட்டி அங்கே தேடி அலைய வேண்டாம். உனக்கும் சேர்த்து இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் வந்ததும் சொல்கிறேன்.

உன் லாத்தா