அகலிகையும் பாடத்திட்டமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு கல்லூரியில் தமிழ்த்துறைக் கௌரவ விரிவுரையாளர். எங்கள் இளங்கலைச் சிறுகதைத் தாளில், இராமாயண அகலிகையை வைத்துப் புதுமைப்பித்தன் எழுதிய 'சாபவிமோசனம்' இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு மாணவியின் தந்தை, அந்தக் கதை இராமனை இழிவுபடுத்துகிறது என்று துறைத் தலைவரிடம் வாய்மொழியாக முறையிட்டார். தலைவர் என்னிடம், "பார்த்து நடந்துகொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னார். இந்த ஆண்டு அதை வகுப்பில் நடத்தாமல், வீட்டில் படித்துக்கொள்ளும்படி மாணவர்களிடம் சொல்லிவிட்டேன். கதை தடை செய்யப்படவில்லை. நூலகத்திலும் இணையத்திலும் கிடைக்கிறது. ஆகவே யாருடைய சுதந்திரமும் பறிபோகவில்லை என்றே நினைக்கிறேன். என் கேள்வி வேறு. கல்விச் சுதந்திரத்துக்கு இந்தியாவில் தனிச் சட்டம் வேண்டும் என்று கருதுகிறீர்களா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது, இராமாயணத்தின் பல வடிவங்களைப் பற்றி ஏ.கே. ராமானுஜன் எழுதிய கட்டுரையை மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். வான்மீகியின் அகலிகையையும் கம்பனின் அகலிகையையும் அருகருகே வைத்து அவர் பேசும் பகுதியில் நின்றிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டியின் அமர்வு, அவர்களுடைய பேச்சுரிமையும் மத உரிமையும் மீறப்பட்டதாகக் கூறி, அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அதற்குத் தனிச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அரசியலமைப்பே போதுமானதாக இருந்தது. ஆனால் அங்கே எதிர்த்து வழக்காடுவதற்கு ஒரு வெளியேற்றம் இருந்தது. உங்கள் கல்லூரியில் எதை எதிர்த்து யார் வழக்குப் போடுவது? அங்கே உத்தரவும் இல்லை, சுற்றறிக்கையும் இல்லை. நீக்கியவர் நீங்கள்.

இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். ஆண்டுதோறும் பணி நீடிக்குமா என்று காத்திருக்கும் ஒருவரிடம் துணிச்சலைப் பற்றிப் பேசுவது எளிது என்பதும் தெரியும். உங்கள் அச்சத்தை நான் குறை சொல்லவில்லை. அச்சப்பட்டதை ஒப்புக்கொள்ளாமல், "யாருடைய சுதந்திரமும் பறிபோகவில்லை" என்று அதற்கு ஒரு கொள்கையைத் தேடிக்கொண்டீர்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ராமானுஜனின் கட்டுரைக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். அது தில்லிப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையின் இளங்கலை வாசிப்புப் பட்டியலில் இருந்தது. 2008 பிப்ரவரியில் ஒரு கூட்டம் துறைக்குள் புகுந்து பொருட்களை உடைத்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், நான்கு அறிஞர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. மூவர் கட்டுரை இருக்கலாம் என்றார்கள். நான்காமவர், இளங்கலை மாணவர்களால் இதை ஏற்றுக்கொள்ள முடியுமா, ஆசிரியர்களால் இதை உரிய பின்னணியோடு விளக்க முடியுமா என்று ஐயப்பட்டார். 2011 அக்டோபரில் பல்கலைக்கழகக் கல்விக்குழு கட்டுரையை நீக்கியது. உடைத்தவர்களைவிட அந்த நான்காவது கருத்தே என்னை அதிகம் வருத்துகிறது. வாக்களிக்கும் வயதை எட்டியவர்களுக்கு, தம் பாட்டியிடம் ஒரு விதமாகவும் தெருக்கூத்தில் வேறு விதமாகவும் இராமாயணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இராமாயணங்கள் பல என்ற செய்தியைத் தாங்கும் வலு இல்லை என்று ஒரு பேராசிரியர் எப்படி முடிவு செய்கிறார்? அதே முடிவைத்தான் நீங்களும் எடுத்திருக்கிறீர்கள்.

எதிர்ப்பு எப்போதும் ஒரே திசையிலிருந்து வருவதில்லை. 2014இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' நீக்கப்பட்டபோது, அது ஒடுக்கப்பட்ட மக்களை இழிவாகக் காட்டுகிறது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் குற்றச்சாட்டில் பேச வேண்டியது நிறைய உண்டு. தேயிலைத் தோட்டக் கூலிகளின் வாழ்வை எழுதியவரின் பார்வையில் சாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. அதை எந்த வகுப்பில் கேட்க முடியுமோ, அந்த வகுப்பிலிருந்தே கதையை எடுத்துவிட்டார்கள்.

திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் நடந்ததை நான் இன்னும் பல காலம் சொல்லிக்கொண்டிருப்பேன். முதுகலை ஆங்கிலப் பாடத்தில் 2017 முதல் இருந்த அருந்ததி ராயின் நூல் ஒன்று, மாவோயிஸ்டுகளைப் போற்றுகிறது என்று ஒரு மாணவர் அமைப்பு புகார் கொடுத்ததும், 2020 நவம்பரில் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் கட்டுரைகளை வைத்தார்கள். கிருஷ்ணன் அருமையான எழுத்தாளர். எந்தப் பாடத்திலும் இருக்கத் தகுந்தவர். இங்கே அவரைப் பள்ளம் நிரப்பும் மண்ணாகப் பயன்படுத்திவிட்டார்கள். அவர் யாருடைய மகன் என்பது அவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருந்ததோ! நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். மாதவையா 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், இளங்கலைப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்த சற்று நேரத்தில் அங்கேயே உயிர் துறந்தவர். ஒரு பாடம் இருக்க வேண்டுமா வேண்டாமா என்பது, பெயர் சொல்லி எழுந்து நின்று, காரணம் காட்டி, எதிர்ப்பைக் கேட்டுப் பேச வேண்டிய விஷயம் என்று நம்பிய தலைமுறை அது. நான் கேட்பதும் அவ்வளவுதான். நீக்க விரும்புகிறவர் முதலில் அதைப் படித்திருக்க வேண்டும். தன் காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். நடத்துகிற ஆசிரியரை அழைத்துக் கேட்க வேண்டும். முடிவு பாடத்திட்டக் குழுவின் கூட்டக் குறிப்பில் இடம்பெற வேண்டும். இந்த நான்கும் நடந்த பிறகு ஒரு நூல் நீக்கப்பட்டால், நான் அந்த முடிவோடு சண்டையிடுவேன். ஆனால் கல்வி நிலையம் செத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2015இல் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்ற மாணவர் அமைப்பின் அங்கீகாரம் பறிக்கப்பட்டதற்குத் தொடக்கம் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் போன ஒரு மொட்டைக் கடிதம். மாணவர்கள் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கேள்வி கேட்டார்கள். ஜூன் மாதமே அங்கீகாரம் திரும்பியது. உங்கள் விவகாரத்தில் மொட்டைக் கடிதம்கூட இல்லையே, ம.! "பார்த்து நடந்துகொள்ளுங்கள்" என்ற இரண்டு சொற்களுக்கு ஒரு புதுமைப்பித்தனைக் கொடுத்துவிட்டீர்கள்.

"இணையத்தில் கிடைக்கிறது" என்கிறீர்கள். கிடைக்கிறது, உண்மைதான். எனக்கு அகலிகைப் படலம் நடத்திய அம்மையார், பழுப்புக் காகித அட்டை போட்ட கம்பராமாயணத்தோடு வருவார்; ஓரங்களில் பென்சில் குறிப்புகள் நிறைந்திருக்கும். வந்திருப்பவன் கணவன் அல்லன் என்று உணர்ந்த பின்னும் அகலிகை விலகவில்லை என்று பாடுகிற கம்பன், சில பாடல்கள் தள்ளி அவளை "நெஞ்சினால் பிழைப்பிலாள்" என்கிறானே, இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். அம்மையார் பதில் சொல்லவில்லை. நீங்களே பேசுங்கள் என்று நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோயில் பூசகர் வீட்டுப் பையன் ஒருவன் கோபத்தில் குரல் நடுங்கப் பேசினான். அவனையும் முழுதாகப் பேசவிட்டார். மணி அடித்தும் யாரும் எழவில்லை. பிறகு யாரோ நிர்வாகத்திடம் போய்ச் சொல்ல, அடுத்த பருவத்தில் அவரிடமிருந்து இலக்கிய வகுப்புகளை எடுத்துவிட்டு, கடிதம் எழுதும் பயிற்சியை மட்டும் கொடுத்தார்கள். கம்பராமாயணம் அப்போதும் நூலகத்தில் இருந்தது. நாங்கள் இழந்தது அந்த நாற்காலி ஓரமாகப் போன வகுப்பை. அந்தப் பையனும் அந்தப் பெண்ணும் ஒரே அறையில் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்கும் வாய்ப்பை எந்த இணையதளமும் தராது. வீட்டில் தனியாகப் படிக்கும் உங்கள் மாணவி, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் இராமன் என்று கேட்டதும் அகலிகை மறுபடியும் கல்லாகும் இடத்துக்கு வரும்போது, யாரிடம் திரும்பிக் கேட்பாள்? தந்தையிடமா?

அந்தத் தந்தையை நான் எதிரியாகக் கருதவில்லை. மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரிக்கும் தந்தைகள் நம்மிடையே குறைவு. அவரிடம் யாரும் பேசவில்லை என்பதே என் வருத்தம்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பருவம் முடியவில்லை என்றால் இந்த மாதமே அக்கதைக்கு இரண்டு வகுப்புகள் ஒதுக்குங்கள். முந்தைய வாரம் துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: பாடத்திட்டத்தில் உள்ளபடி இன்ன நாளில் நடத்த இருக்கிறேன், ஆட்சேபணை இருந்தால் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன் என்று. பணிவாக எழுதுங்கள், தேதி போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தந்தைக்கும் கதையின் ஒரு படியை அனுப்பி, பேச விரும்பினால் வரச் சொல்லுங்கள். வகுப்பில் கம்பனின் அகலிகையை முதலில் படித்துவிட்டு, பிறகு புதுமைப்பித்தனுக்கு வாருங்கள். துறைத் தலைவரிடமிருந்து என்ன பதில் வந்தாலும் எனக்குத் தெரிவியுங்கள்.

அன்புடன்.