ராணுவ ரன்னிங் பயிற்சியில் கால் முன்னெலும்பு வலிக்கிறது, ஓட்டத்தை நிறுத்தினால் ஸ்பீடு போய்விடுமா?

இரண்டு மாதமாகத் தினமும் 1600 மீட்டரை டைம் வைத்து ஓடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வலிக்குக் காரணமே அதுதான். நானும் அப்படி ஓடித்தான் காலைக் கெடுத்துக்கொண்டேன்.

நான் ராணுவ ஆள்சேர்ப்பு ரேலிக்குப் போனபோது 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் 60 மார்க், பீமில் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது) 10 எடுத்தால் 40. அந்த 5.30 மண்டைக்குள் ஏறிவிட்டது. பைபாஸ் தார் ரோட்டில், விடியற்காலை ஐந்து மணிக்கு, ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் முழு வேகத்தில் ஓட்டம். ஆறாவது வாரத்தில் மாடிப்படி இறங்கவே இடது கால் வலித்தது. பயிற்சி கொடுத்த அண்ணன் “வலிச்சாதான்டா கால் இறுகும்” என்றார். தைலம் தேய்த்துக்கொண்டு இன்னும் பத்து நாள் ஓடினேன். அப்புறம் நடையே நொண்டலாகிவிட்டது.

முதலில் உட்கார்ந்து, முன்னெலும்பின் உள்பக்க ஓரத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ், அதாவது அளவுக்கு மீறி ஓடுவதால் முன்னெலும்பு ஓரத்தில் வரும் வலி. ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டாலோ, ராத்திரி படுத்த பிறகும் விண்விண் என்று தெறித்தாலோ, எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகும். “எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல” என்று மறுநாளே கிரவுண்டுக்குப் போய்விடாதீர்கள். டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் எடுங்கள்.

எனக்கு முதல் வகைதான். இரண்டு வாரம் ஓடவே இல்லை, ஆனால் சும்மாவும் இல்லை. காலையில் எங்கள் ஊர்க் கிணற்றில் அரை மணி நேரம் நீச்சல், மாலையில் சைக்கிள், ஒருநாள் விட்டு ஒருநாள் பீம். மூச்சு அப்படியே இருந்தது.

திரும்ப ஆரம்பித்தபோது வாரத்துக்கு நான்கு நாள்தான் ஓட்டம், அதுவும் பள்ளிக்கூட மண் கிரவுண்டில். மூன்று நாள் பக்கத்தில் ஓடுகிறவனோடு பேச முடிகிற வேகத்தில் மெதுவாக, ஒரு நாள் மட்டும் 400 மீட்டரை இடைவெளி விட்டு ஐந்து முறை. டைம் பார்த்து முழு 1600 ஓடியது பத்து நாளுக்கு ஒரு முறைதான். தினமும் படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை ஏற்றி இறக்குவேன். கெண்டைக்கால் பலமாக அது போதும். இன்னொன்று, கிரவுண்டை எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றாதீர்கள். மெதுவாக ஓடும் நாளில் திசையை மாற்றுங்கள். அடி தேய்ந்த ஷூவையும் தூக்கிப் போடுங்கள்.

இடைவெளிக்குப் பிறகு முதல் டைம் 6.08. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது, உண்மைதான். எட்டு வாரம் கழித்து ரேலியில் 5.24 வந்தது. உங்களுக்கு ரேலி எப்போது? தேதியைச் சொன்னால் வாரக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.